முதல் வில்: செய்முறையும் பேணுமுறையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குடிநீரைப் பற்றியோ சாலையைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். நாம் இன்று பேச வந்திருப்பது வில்லைப் பற்றி. இவ்வூர் இளைஞர் மன்றத்தார் வில் பயிற்சியைத் தொடங்கி, தாங்களே மூங்கிலால் வில் செய்து பழகி வருகின்றனர். நான்கு மாதங்களுக்குள் ஆறு விற்கள் முறிந்துவிட்டன. கடைசியாக முறிந்த வில்லின் சிம்பு ஒரு பையனின் புருவத்தைக் கிழித்தது, கண் தப்பியது. பயிற்சியையே நிறுத்திவிடலாம் என்னும் தீர்மானம் இன்று ஊராட்சியின் முன் இருக்கிறது. அதன்மீது முடிவு செய்யுமுன், அந்த ஆறு விற்களும் ஏன் முறிந்தன என்பதை உறுப்பினர்கள் அறிந்துகொள்ளுதல் அவசியம் எனக் கருதுகிறோம்.

மூங்கில் வில் சிறுபிள்ளை விளையாட்டு என்று எவரும் எண்ண வேண்டா. தேசிய வில்வித்தைப் போட்டிகளில் மூங்கில் வில்லுக்கென்றே ‘இந்தியச் சுற்று’ என்னும் தனிப் பிரிவு உண்டு. 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் நம் நாட்டின் சார்பில் அம்பெய்த லிம்பா ராம், ராஜஸ்தானத்துப் பழங்குடி மக்களிடையே மூங்கில் வில் பிடித்து வளர்ந்தவர். 2010-ஆம் ஆண்டு டெல்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் இரு தங்கப் பதக்கங்கள் வென்ற தீபிகா குமாரியும் ராஞ்சிக்கு அருகே வீட்டில் செய்த மூங்கில் வில்லில்தான் முதலில் பழகினார். போட்டிகளில் பயன்படும் இயந்திர நுட்பம் வாய்ந்த விற்களை விலை கொடுத்து வாங்க ஊராட்சிக்கு இயலாது. ஆதலின் நம் பிள்ளைகளுக்கு வாய்த்த வழி இது ஒன்றே. வல்வில் ஓரியின் பெயரால் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் கொல்லிமலையில் விழா நடத்தும் நாட்டில் இதற்கு மேலும் பீடிகை தேவையில்லை.

முறிந்த ஆறு விற்களையும் நாம் எடுத்துப் பார்த்தோம். கூடை முடையும் தொழிலில் ஐம்பது ஆண்டுப் பழக்கமுடைய ஒரு பெரியவரையும் உடன் வைத்துக்கொண்டோம். மூன்று விற்களில் மூங்கிலின் பச்சைத் தோல் அழகுக்காக முற்றும் சீவப்பட்டிருந்தது. இரண்டு, ஒரே பக்கம் மெலிந்து அங்கேயே ஒடிந்தவை. எஞ்சிய ஒன்று நன்றாகச் செய்யப்பட்டதே. அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விட்டதால் பிளந்தது. மூன்று காரணங்களும் தவிர்க்கக்கூடியவை.

வில்லை வளைக்கும்போது இலக்கை நோக்கிய புறம் இழுபடுகிறது. எய்பவரை நோக்கிய புறம் நெரிபடுகிறது. முன்னதை முதுகு என்றும் பின்னதை வயிறு என்றும் வைத்துக்கொள்வோம். மூங்கிலின் வலிமையெல்லாம் தோலை அடுத்த நார்களில் இருக்கிறது. அந்தத் தோல்புறமே முதுகாக அமைய வேண்டும். அதில் கத்தி படவே கூடாது. அறுபட்ட ஒரு நாரில் தொடங்கும் விரிசல் வில் முழுவதும் ஓடும். கணுக்களின் வெளிப்புற மேட்டைக்கூடத் தேய்த்துச் சமமாக்காமல் விட்டுவிடுவது நன்று. மரத்தில் வில் செய்வோர்க்கும் இதே விதிதான்: முதுகில் ஓடும் வளர்ச்சி வளையம் ஒன்று முனைக்கு முனை அறுபடாமல் இருக்க வேண்டும்.

மரம் என்றதும் ஒரு வார்த்தை. நம் மலைச்சாரல்களில் தடசு, சடச்சி என்று வழங்கும் மரம் வில்லுக்குப் பேர்போனது. வடமொழியில் அதற்கு வில்மரம் என்றே பொருள்படும் பெயர் உண்டு. வளைந்து மீளும் தன்மை அதற்கு மிகுதி. ஆயினும் காப்புக்காட்டில் நிற்கும் மரத்தில் ஒரு கிளையையும் அனுமதியின்றித் தொடலாகாது. மூங்கிலுக்கு அந்தச் சங்கடமில்லை. 2017-ஆம் ஆண்டில் வனச் சட்டம் திருத்தப்பட்டபின், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் சட்டப்படி மரமாகக் கருதப்படுவதில்லை. வேலியோரத்தில் ஒரு புதர் இருந்தால் ஊருக்கே போதும். கெட்டியான கல் மூங்கிலோ, சுவர் தடித்த வேறு மூங்கிலோ ஏற்றது.

மூன்று வயதுக்கு மேற்பட்ட முற்றிய கழியைத் தேர்ந்தெடுங்கள். இளங்கழி உலரும்போது சுருங்கும், வில்லாக நிற்காது. தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்று பெரியவர் சொன்னார். அதை நாம் மறுக்கவுமில்லை, வற்புறுத்தவுமில்லை. ஆனால் மழைக்காலத்தில் வெட்டலாகாது என்று அவர் சொன்னதற்குக் காரணம் தெளிவு: அப்போது கழியில் ஈரமும் மாவுச்சத்தும் மிகுதி, அதைத் தேடி உளுக்கும் வண்டு வரும். தை, மாசியில் வெட்டிப் பிளந்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று மாதம் உலர்த்துங்கள். வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் வெடிக்கும்.

முதல் வில்லின் நீளம் எய்பவரின் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். குட்டை வில்லை முழுதும் இழுப்பது முறிவை அழைப்பதாகும். நடுவில் ஒன்றரை அங்குல அகலம் வைத்து, முனைகளில் அரை அங்குலமாகக் குறைத்து வாருங்கள். இனி வரும் வேலைதான் வில் செய்தலின் உயிர். வயிற்றுப் புறத்தை மட்டும் கொடுவாளால் மெல்லச் சீவி, பின் அரத்தாலும், உடைந்த கண்ணாடிச் சில்லாலும் சுரண்ட வேண்டும். சில்லைத் தடித்த துணி சுற்றிப் பிடியுங்கள். ஒரு பலகையின் தலையில் வில்லின் பிடியைப் பொருத்தி, பலகையின் நெடுக அங்குலத்துக்கு ஒரு வெட்டு வைத்து, நாணைக் கீழே இழுத்து வெட்டில் மாட்டிவிட்டு, ஆறடி தள்ளி நின்று வளைவைப் பாருங்கள். இரு பாதிகளும் ஒரே சீராக வளைகின்றனவா? எந்த இடம் விறைத்து நிற்கிறதோ அங்கே சுரண்டுங்கள். எந்த இடம் மிகுதியாக மடிகிறதோ அங்கே கை வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை சுரண்டிய பின்னும் இருபது முப்பது தடவை சிறிதளவே இழுத்துப் பழக்கிவிட்டுப் பிறகு பாருங்கள். சீவியதன் பலன் உடனே தெரியாது. வளைவு சீரான பிறகே இழுப்பை இன்னும் ஓர் அங்குலம் கூட்டலாம். இந்தப் பொறுமை இல்லாததால்தான் அந்த இரண்டு விற்கள் ஒடிந்தன. ஒரு நாளில் வில் முடித்தேன் என்று சொல்லும் இளைஞரிடம் அந்த வில்லைக் கையில் கொடுக்க நாம் சம்மதிக்க மாட்டோம்.

முழு இழுப்பில் தராசு மாட்டிப் பார்த்தால் பெரியவர்க்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ, சிறுவர்க்கு ஆறேழு கிலோ போதுமானது. கடினமான வில் வீரத்துக்கு அடையாளம் என்பது தவறான எண்ணம். அது பழகுபவரின் தோளைக் கெடுக்கும், குறியையும் கெடுக்கும்.

நாணுக்குச் சணப்பு நார் நம் வயலிலேயே கிடைக்கிறது. தழை உரத்துக்கென விதைப்பதில் ஒரு பாத்தியை முற்றவிட்டால் நார் எடுக்கலாம். வேலியில் வளரும் மருள் நாரும் மிக நன்று; வடமொழியில் மூர்வா எனப்படும் அச்செடியின் பெயரிலிருந்தே நாணுக்கு மௌர்வி என்ற பெயர் வந்தது. முறுக்கிய நாணுக்குத் தேன்மெழுகு தடவுங்கள். நாணேற்றிய வில்லில் பிடிக்கும் நாணுக்கும் இடையே, கட்டைவிரலை நிமிர்த்திய ஒரு முட்டி அளவு இடைவெளி இருக்க வேண்டும்.

பேணுதல் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். பயிற்சி முடிந்தவுடன் நாணை இறக்கிவிடுங்கள். இரவெல்லாம் நாணேற்றி வைத்த வில் வளைந்தே போய் வலுவிழக்கும். சுவர் மூலையில் சாய்த்து வைக்காமல் இரு முளைகளின்மேல் கிடையாக வையுங்கள். பச்சை மூங்கிலைப் புகையில் காட்டுவது பூச்சிக்கு நல்லதுதான். ஆனால் முடிந்த வில்லை அடுப்புக்கு மேல் பரணில் போட்டால் அளவுக்கு மீறி உலர்ந்து முறியும். ஆண்டுக்கு இருமுறை ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து உலரவிடுங்கள். மாவு போன்ற தூள் உதிர்ந்தால் வண்டு புகுந்துவிட்டது என்று பொருள்; அதை அடுப்புக்குக் கொடுத்துவிடலாம். முதுகில் சிம்பு எழுந்த வில்லும் அப்படியே. கயிறு சுற்றி ஒப்பேற்ற வேண்டா. வில் இரண்டோர் அங்குலம் வளைந்து நிற்பது மட்டும் குறையன்று. அம்பின்றி நாணை விடுவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கலாகாது. அம்புக்குப் போகவேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்புகிறது. நெட்டையானவர் குட்டையானவரின் வில்லை இழுத்துப் பார்ப்பதும் கூடாது.

மயிலும் காட்டுப்பன்றியும் பயிரை அழிப்பதால் இந்த வில் அதற்கும் உதவுமே என்று சிலர் நம்மிடம் கேட்டனர். உதவாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையிடம் மனு கொடுங்கள். எழுதித் தர அலுவலகத்தில் ஆள் இருக்கிறது.

பயிற்சிக் களத்தைப் பற்றியும் ஊராட்சி முடிவு செய்ய வேண்டும். இப்போது ஏரிக்கரையை நோக்கி எய்கிறார்கள். மண்கரை அம்பைத் தாங்கும் என்பது உண்மை; ஆனால் அக்கரையின்மேல் பெண்கள் புல்லுக்கட்டுடன் நடக்கிறார்கள். ஊருக்கு வடக்கே உள்ள பாழ்குட்டையின் மேட்டில் நடமாட்டமில்லை. அங்கே வைக்கோல் கட்டுகளை அடுக்கி இலக்கு வைக்கலாம். எல்லோரும் ஒரே கோட்டில் நின்று எய்ய வேண்டும். எல்லா விற்களும் தரையில் வைக்கப்பட்ட பிறகே அம்பு பொறுக்கச் செல்ல வேண்டும். விற்களை மன்றத்தின் அறையில் பூட்டி, சாவியைப் பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள்.

தீர்மானத்தை இன்று ஒத்திவைக்குமாறு ஊராட்சியை வேண்டுகிறோம். இப்போதுள்ள விற்களை அதுவரை எவரும் தொட வேண்டா. தை மாதத்தில் வெட்டும் கழிகள் சித்திரையில் உலர்ந்திருக்கும். அப்போது சித்திரை முதல் ஞாயிறன்று மன்றத் திண்ணையில் வேலையைத் தொடங்குவோம். கூடை முடையும் பெரியவர் வர இசைந்துள்ளார். வருபவர்கள் கொடுவாளும் ஓர் அரமும் கொண்டு வந்தால் போதும்.