தோற்ற அணிக்கும் இன்னோர் ஆட்டம்

(பனமரத்துப்பட்டி வட்டார வள மையத்தில் நடைபெற்ற பணியிடைப் பயிற்சியில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தை உடற்கல்வி ஆசிரியருக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். யாராவது கண் அசந்தால் எழுப்பி ஓட விடுவார் என்று நினைத்தீர்களோ என்னவோ! பயப்படாதீர்கள், இன்று ஒரு கதைதான் சொல்லப் போகிறேன்.

கால்பந்து உலகக் கோப்பை நம் எல்லாருக்கும் தெரியும். அதை நடத்தும் ஃபிஃபாவில் 211 உறுப்பினர்கள். அந்தப் பட்டியலில் இடம் இல்லாதவர்களும் பந்து விளையாடுகிறார்கள். தனி நாடு இல்லாத மக்கள், நாடு என்று சொல்லிக்கொண்டாலும் உலகம் ஏற்காதவர்கள், பெரிய நாட்டுக்குள் தனி மொழி பேசும் சிறு கூட்டத்தார். இவர்களுக்காக 2013இல் கோனிஃபா என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் முதல் உலகக் கோப்பை 2014 ஜூனில் சுவீடனின் ஓஸ்டர்சுண்ட் நகரில் நடந்தது. மொத்தம் 12 அணிகள். அவற்றுள் ஒன்று தமிழர் அணி.

இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் தமிழீழம் என்ற பெயரில் ஆடிய அணி அது. பிரிட்டன், கனடா என்று வெவ்வேறு நாடுகளில் வளர்ந்தவர்கள். நம் பள்ளி அணியைப் போல மாலை நான்கரை மணிக்குத் தினமும் ஒரே மைதானத்தில் கூட அவர்களுக்கு வழியில்லை. 2012இல் குர்திஸ்தானின் எர்பில் நகரில் நடந்த விவா உலகக் கோப்பையில் முதன்முதலாகக் களம் இறங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து சுவீடன் போனார்கள்.

அங்கே குர்திஸ்தான் அணியிடம் 9-0 என்று தோற்றார்கள். பிரிவில் இருந்த இன்னோர் அணியிடமும் தோல்விதான். நம் குறுவட்டப் போட்டியாக இருந்தால் முதல் தோல்வியோடு கதை முடிந்திருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறியிருப்பார்கள்.

ஆனால் அந்தப் போட்டியில் தோற்றவர்களை ஊருக்கு அனுப்பவில்லை. ஒன்பதாம் இடம் யாருக்கு, பத்தாம் இடம் யாருக்கு என்று கடைசி இடம் வரைக்கும் ஆட்டம் வைத்தார்கள். பதினோராம் இடத்துக்கான ஆட்டத்தில் தமிழர் அணி 10-0 என்று வென்றது. ஒன்பது கோல் வாங்கிய அதே பிள்ளைகள் பத்து கோல் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

நானும் தமிழன்தான்; படித்தபோது எனக்கும் மகிழ்ச்சி. அடுத்த நிமிடம், எதிரே நின்று பத்து கோல் வாங்கியவர்கள் யார் என்று தேடினேன். டார்ஃபூர் அணி. சூடானில் நடந்த போரில் வீடிழந்து, பக்கத்து நாடான சாட்டில் அகதி முகாம்களில் வாழும் இளைஞர்கள். அதே போட்டியில் படானியா அணியிடம் 20-0 என்று தோற்றிருந்தார்கள். 2012இல் எர்பிலில் அவர்களும்தான் முதன்முதலாக ஆடினார்கள். முதல் இரண்டு ஆட்டங்களில் 15-0, 18-0. மேற்கு சகாராவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் 5-1 என்று தோற்றார்கள். ஆனால் அந்த ஒரு கோல்தான் அவர்கள் வரலாற்றின் முதல் கோல். முதல் தோல்வியோடு அனுப்பியிருந்தால் அந்தக் கோல் விழுந்தே இருக்காது.

ஃபிஃபாவுக்குள்ளும் இப்படி ஒரு கதை உண்டு. 2001 ஏப்ரலில் அமெரிக்கன் சமோவா என்ற சிறு தீவு அணி ஆஸ்திரேலியாவிடம் 31-0 என்று தோற்றது. கடவுச்சீட்டுச் சிக்கலால் முதன்மை வீரர்களில் பெரும்பாலோர் ஆட முடியவில்லை. இளையோர் அணியில் பலருக்கு அப்போது பள்ளித் தேர்வு! அன்று 31 கோல் வாங்கிய கோல் கீப்பர் நிக்கி சலாபு. 2011 நவம்பரில் அந்த அணி டோங்காவை 2-1 என்று வென்றபோதும் கோல் கம்பத்தில் நின்றவர் அவரே. அந்த வெற்றிக்குப் பத்து ஆண்டு ஆயிற்று.

இனி என் கதை. பல ஆண்டுகளுக்கு முன் என் பள்ளி அணியைக் குறுவட்டப் போட்டிக்கு அழைத்துப் போனேன். முதல் ஆட்டத்திலேயே 8-0. காலை பதினொன்றரை மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பும் பேருந்தில் கோல் கீப்பரை எல்லார் முன்னாலும் திட்டினேன். விடியற்காலையில் அரளி மொக்குப் பறித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பையன் அவன். ஏரிக்கரை நிறுத்தத்தில் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனான். அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கம் வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை.

போன ஆண்டு பூ மூட்டை ஏற்றிய வண்டியை நிறுத்தி அவனே பேசினான். குசலம் விசாரித்த பிறகு சொன்னான்: “சார், அன்னிக்கு இன்னொரு மேட்ச் இருந்திருந்தா நல்லா நின்னிருப்பேன் சார்.” இத்தனை ஆண்டும் அவன் மனசில் அந்த ஆட்டம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆசிரிய நண்பர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு அணிகள் மோதும் வெளியேற்றுமுறைப் போட்டியில் மொத்தம் ஏழு ஆட்டம். நான்கு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்புகின்றன. தோற்ற நான்கு அணிகளையும் இரண்டிரண்டாக மோதவிட்டால் கூடுதலாக இரண்டு ஆட்டம், அவ்வளவுதான். பாதிக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். போட்டி விதியை நாம் மாற்ற முடியாது. ஆனால் பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம், “சார், நம்ம ரெண்டு டீமும் ஒரு நட்பு ஆட்டம் ஆடிட்டுப் போகலாமா?” என்று கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், இது விளையாட்டுச் சமாச்சாரம் என்று விட்டுவிடாதீர்கள். வகுப்பில் எழுந்து வாசித்துத் திக்கிய குழந்தையை “உட்கார்” என்கிறோம். அடுத்து அதன் முறை எப்போது வரும்? அன்றைக்கே, கொஞ்சம் எளிய பத்தி ஒன்றைக் கொடுத்து இன்னொரு முறை வாசிக்கச் சொல்லலாம். வாசித்து முடித்த நினைவோடு அது வீட்டுக்குப் போகும்.

இந்த ஆண்டுக் குறுவட்டப் போட்டியில் என் அணி தோற்றால் உடனே பேருந்து ஏற மாட்டேன். மைதானத்தின் ஓரத்தில் பந்தோடு நிற்பேன். தோற்ற இன்னோர் அணியின் ஆசிரியர் நீங்களாக இருந்தால் தயவுசெய்து வாருங்கள்.