உறங்கக் கற்றேன்



ஒருவர் வாயைத் திறந்துகொண்டு வீடு அதிரக் குறட்டை விட்டால் அவரைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்? "கொடுத்து வைத்தவர், படுத்த உடனே எப்படி உறங்குகிறார் பாருங்கள்!" என்கிறோம். குறட்டை விடுபவருக்குக் கும்பகருணன் என்று பெயர் சூட்டி நகைக்கிறோம். ஆனால் குறட்டை எப்போதும் நல்லுறக்கத்தின் ஓசை அன்று. சில வேளைகளில் அது மூச்சானது வழி தேடித் தவிக்கும் ஓசை. இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது உயிரைக் காக்கும் அறிவாகும். அதைப் பற்றியும், அறுபது வயதைக் கடந்த பின்னர் முகத்தில் ஒரு கவசம் அணிந்து உறங்க நான் கற்றுக்கொண்ட வகையைப் பற்றியும் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நாம் விழித்திருக்கும்போது தொண்டையைச் சூழ்ந்துள்ள தசைகள் உறுதியாக நின்று மூச்சு செல்லும் வழியைத் திறந்து வைக்கின்றன. உறங்கத் தொடங்கியதும் அத்தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கிச் சரிகிறது. வழி சற்றுக் குறுகினால் காற்று உரசிச் செல்ல, அங்குள்ள மெல்லிய தசைகள் அதிரும். அதுவே குறட்டை. வழி முற்றிலும் அடைபட்டாலோ ஓசையும் நிற்கும், மூச்சும் நிற்கும். மார்பும் வயிறும் மூச்சை இழுக்க முயன்ற வண்ணமே இருக்கும். காற்று மட்டும் உட்செல்லாது. குருதியில் உயிர்வளி குறையும். உடனே மூளை விழித்துக்கொண்டு உறங்குபவரை ஒரு கணம் உசுப்பும். தசைகள் இறுகும், பெருமுழக்கத்தோடு மூச்சு மீளும், உறக்கம் தொடரும். மறுபடியும் தசைகள் தளரும். மறுபடியும் வழி அடைபடும்.

இதனை மருத்துவர்கள் ஸ்லீப் ஆப்னியா என்கின்றனர். ஆப்னியா என்பது மூச்சின்மை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மூச்சு 10 நொடிக்குக் குறையாமல் நிற்பதையும், அவ்வாறே பெரிதும் குறைந்துபோவதையும் ஒவ்வொரு தடையாக எண்ணுகின்றனர். வயது வந்தவர்க்கு மணிக்கு 5 தடைக்குக் குறைவாயின் கவலை இல்லை. 5 முதல் 15 வரை சிறிய நோய்; 15 முதல் 30 வரை நடுத்தரம்; 30-க்கு மேற்பட்டால் கடுமை. கவனியாது விட்டால் குருதி அழுத்தம் உயரும்; இதயத்திற்கும் மூளைக்கும் கேடு நேரக்கூடும்; பகலில் வண்டி ஓட்டும்போது கண் அயர்ந்து விபத்தும் நேரலாம்.

இந்நோயின் விந்தை யாதெனில், நோய் உடையவரே அதை அறியார் என்பதாகும். ஒவ்வொரு முறையும் மூளை விழிப்பது சில நொடிகள்தாம்; காலையில் அவற்றுள் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. பக்கத்தில் படுத்திருப்பவருக்கே அது தெரியும். என் திறத்திலும் அவ்வாறே இருந்தது.

நான் பருத்த உடலினன் அல்லேன். குறட்டை மட்டும் உண்டு. தேர்தல் பணிக்காக முதல் நாள் இரவே வாக்குச்சாவடிக்குச் சென்று தங்கும்போது, உடன் வந்த ஆசிரியர்கள் தம் பாய்களை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்திற்குப் போய்விடுவார்கள். பணி ஓய்வு பெற்ற பின்னர் காலைதோறும் தலைவலி வந்தது. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருந்தது. நூல் ஒன்றை எடுத்தால் இரண்டு பக்கத்தில் கண் சொருகியது. மருந்து உண்டும் குருதி அழுத்தம் இறங்கவில்லை. அது கண்டு ஐயுற்ற மருத்துவர், "உறக்கம் எப்படி?" என்று கேட்டார். "நன்றாக உறங்குகிறேன்" என்றேன். அவர் என் மனைவியின் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

"நடுநடுவே மூச்சு நின்றுவிடும், ஐயா. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். முப்பது, நாற்பது வரைக்கும் எண்ணுவேன். அதற்கு மேலும் வராவிட்டால் தோளைத் தொட்டு அசைப்பேன்" என்றாள்.

"எத்தனை காலமாக?"

"இவர் வேலையில் இருந்தபோதே தொடங்கிவிட்டது. ஏழெட்டு ஆண்டு இருக்கும்."

என் அருகில் ஒருவர் ஏழெட்டு ஆண்டுகள் உறங்காமல் என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார் என்பதை அந்த அறையில்தான் நான் அறிந்தேன்.

பின்னர்த் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் ஓரிரவு உறக்க ஆய்வு நடைபெற்றது. தலையிலும் கண்ணோரத்திலும் மோவாயிலும் மெல்லிய கம்பிகளை ஒட்டினார்கள். மூக்கின் கீழே காற்றோட்டத்தை அளக்கும் குழாயும், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகளும், விரல் நுனியில் உயிர்வளியை அளக்கும் கருவியும் பொருத்தினார்கள். முடிவு வந்தது. மணிக்கு 41 தடை. நான் உறங்கியது 6 மணி நேரம். பெருக்கிப் பாருங்கள்: ஓரிரவில் 246 முறை! மிக நீண்ட தடை 52 நொடி. நூற்றுக்கு 95-க்குக் குறையாமல் இருக்க வேண்டிய உயிர்வளி அளவு 78 வரை இறங்கியிருந்தது.

இதற்கு மருந்து என்ன? முற்காலத்தில் கடுமையான நோய்க்குத் தொண்டையின் கீழே துளையிட்டுக் குழாய் பொருத்துவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. 1980-இல் ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரில், காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் வேறொரு வழியைச் சோதித்தார். தரையைத் துடைக்கும் தூசி உறிஞ்சியின் மோட்டாரைக் கொண்டு காற்றை உறிஞ்சுவதற்கு மாறாக ஊதும்படி செய்து, அக்காற்றை ஒரு மூக்குக் கவசத்தின் வழியே செலுத்தினார். தொண்டையில் துளையிடுவதை விரும்பாத ஒரு நோயாளி அச்சோதனைக்கு இசைந்தார். அன்றிரவு அவர் தடையின்றி உறங்கினார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பயனை 1981-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் சல்லிவன் குழுவினர் வெளியிட்டனர். இன்று உலகெங்கும் வழங்கும் சி-பாப் என்னும் கருவியின் தோற்றம் இதுவே.

இதன் தத்துவம் எளியது. காற்றில்லாத சைக்கிள் ட்யூபைப் பாருங்கள். அதன் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். சிறிது காற்று அடித்தால் போதும், விரிந்து நிற்கும். தொண்டையும் அவ்வாறே. வேண்டிய அழுத்தமும் மிகுதி அன்று. கருவிகள் பெரும்பாலும் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் அழுத்தம் தருகின்றன. எனக்கு விதித்தது 10. நம்மைச் சூழ்ந்த வளிமண்டலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 1,033 சென்டிமீட்டர் நீர். ஆகவே என் உயிரைக் காப்பது அதில் நூற்றில் ஒரு பங்கு! மேலும், இது உயிர்வளி ஏற்றும் கருவி அன்று. அறையிலுள்ள காற்றையே வடிகட்டி ஊதுகிறது. 2020, 2021 ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றை மறவாத அண்டை வீட்டார் சிலர் என் கவசத்தைப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்" என்று கலங்கிப் பழத்துடன் வந்தனர். அவர்களுக்கும் சைக்கிள் ட்யூபைக் காட்டியே விளக்கினேன்.

கருவி வந்துவிட்டது, உறக்கம் வந்ததா? இல்லை. முதல் இரவு கவசத்தை அணிந்து விளக்கை அணைத்தேன். காற்று மூக்கில் புகுந்தது. வெளியே விடும் மூச்சோ அதனை எதிர்த்துச் செல்ல வேண்டியிருந்தது. யாரோ முகத்தைப் பொத்தியது போன்ற அச்சம் எழுந்தது. இருபது நிமிடத்தில் கழற்றி வைத்தேன். இரண்டாம் இரவும் அவ்வாறே கழிந்தது. பலர் இந்த இடத்திலேயே கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர்.

எனக்குக் கைகொடுத்தது ஆசிரியப் பயிற்சியில் நான் படித்த பழைய பாடம். தார்ண்டைக் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர், கூண்டில் அடைத்த பூனைகள் தாழ் திறக்கக் கற்கும் முறையை ஆராய்ந்து, கற்றலுக்கு மூன்று விதிகளை வகுத்தார். ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி என்பன அவை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பயன்படுத்திய அவ்விதிகளை இப்போது எனக்கே பயன்படுத்தினேன்.

முதலாவது ஆயத்தம். உள்ளமும் உடலும் ஆயத்தமாகாத ஒருவரைக் கட்டாயப்படுத்தினால் வெறுப்பே விளையும் என்பது அவ்விதி. ஆகவே இரவை விட்டுவிட்டுப் பகலைப் பிடித்தேன். சாய்வு நாற்காலியில் அமர்ந்து, குழாய் இணைக்காத வெறுங்கவசத்தை அணிந்து செய்தித்தாள் படித்தேன். நான்கு நாள் சென்றபின் குழாயை இணைத்துக் குறைந்த அழுத்தத்தில் காற்றை விட்டேன். பிறகு பிற்பகலில் படுத்தபடி அரை மணி நேரம். அச்சம் பகல் வெளிச்சத்தில் தேய்ந்தது. கருவியிலும் ஓர் ஏற்பாடு உண்டு: தொடக்கத்தில் மெல்ல ஊதி, சிறிது சிறிதாக அழுத்தத்தை உயர்த்தும். எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்று ஆசிரியர்க்குச் சொல்வது இதுவே அன்றோ!

இரண்டாவது பயிற்சி. ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று இரவின் நேரத்தைக் கூட்டினேன். இடையில் வந்த இடர்களை ஒவ்வொன்றாகக் களைய வேண்டியிருந்தது. என் மீசையின் வழியே காற்று கசிந்து கண்ணில் அடித்தது. வாரை இறுக்கினேன், கசிவு குறையவில்லை, கன்னத்தில் தழும்புதான் விழுந்தது. அளவுக்கு மீறி இறுக்கினால் கவசத்தின் விளிம்பு மடிந்து மேலும் கசியும் என்று கருவி பொருத்தும் இளைஞர் விளக்கி, மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறிய கவசம் ஒன்றைத் தந்தார். மீசை பிழைத்தது! மூக்கு வறண்டது, காய்ச்சி வடித்த நீர் நிரப்பிய ஈரமூட்டும் தொட்டியைச் சேர்த்ததும் அது தீர்ந்தது. புரண்டு படுக்கும்போது குழாய் இழுத்தது. தலைமாட்டுச் சுவரில் ஆணி அடித்து அதில் தொங்கவிட்டேன். மின்சாரம் நின்றால் மூச்சு நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. கவசத்தில் காற்றுத் துளைகள் உள்ளன. கருவியின் ஓசை அடங்கியதும் எனக்கு விழிப்பும் வந்துவிடும். காலைதோறும் கவசத்தைச் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துவது என் கடமை. எத்தனை மணி நேரம் அணிந்தேன் என்பதைக் கருவியே குறித்துவைக்கிறது. வருகைப் பதிவேட்டில் பிறரைக் குறித்துப் பழகியவனை இப்போது ஒரு பொறி குறிக்கிறது! இரவுக்கு 4 மணி நேரமாவது, நூற்றுக்கு 70 இரவுகளிலாவது அணிந்தால் அதனைத் தேர்ச்சி அளவாக மருத்துவர்கள் பொதுவாகக் கொள்கின்றனர். அதனை எட்ட எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இரவு முழுவதும் அணிவதே நன்மை.

மூன்றாவது விளைவு. 1930-க்குப் பின்னர்த் தார்ண்டைக் தம் கொள்கையைத் தாமே திருத்தினார். வெறுமனே திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டும் கற்றல் நிகழாது. செயலின் பயன் இனிதாக இருந்தாலே அது நிலைபெறும் என்றார். அதை நான் கண்ணாரக் கண்டேன். காலைத் தலைவலி முதலில் நீங்கியது. இரவில் எழுவது ஒரு முறையாகக் குறைந்தது. மாலையில் நூலை எடுத்தால் ஐம்பது பக்கம் படிக்க முடிந்தது. குருதி அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்பட்டது. மணிக்கு 41 ஆக இருந்த தடை 3 ஆயிற்று. ஒரு நாள் விடியற்காலையில் நான் கவசத்தைக் கழற்றியபோது என் மனைவி இன்னும் உறங்கிக்கொண்டிருந்தாள். அப்படி அவள் எனக்குப் பின் எழுந்ததை நான் கண்டு பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓசைப்படாமல் சென்று அன்று நானே காப்பி கலந்தேன்.

இக்கருவி நோயை வேரோடு களைவதில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் பார்வை மங்குவது போல, இதனைக் கழற்றி உறங்கினால் தடை மீண்டும் வரும். கருவியின் விலையும் எளியவர்க்குச் சிறிதன்று. எல்லோருக்கும் இதுவே வேண்டும் என்பதும் இல்லை. சிறிய நோய்க்கு உடல் எடையைக் குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பற்கருவி முதலியன பயன்படலாம். மது இந்நோயை மிகுவிக்கும். எது தக்கது என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

மாணவர்களே, இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நோய் உடையவர் அறியாததை, அவர் அருகில் இருப்பவர் அறிய முடியும். உங்கள் தந்தையோ பாட்டியோ மாமாவோ உரக்கக் குறட்டை விட்டு, இடையே ஓசை அடங்கி, பின் திணறி மூச்சு விட்டால், அதைக் கேலி செய்யாதீர்கள். எத்தனை நொடி அடங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். பகலில் அவர் காரணமின்றிக் கண் அயர்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டையும் ஒரு தாளில் எழுதி, அவர் மருத்துவரிடம் போகும்போது உடன் சென்று சொல்லுங்கள். உங்கள் தம்பி தங்கையரையும் பாருங்கள். நாள்தோறும் குறட்டை விட்டு, வாயால் மூச்சு விடும் குழந்தைக்குத் தொண்டைச் சதையோ மூக்கின் பின்புறச் சதையோ வளர்ந்திருக்கலாம். அதை நீக்கினால் பெரும்பாலும் குணம் உண்டாகும். உங்களுள் நாளை ஆசிரியராகப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவு கட்டும் முன்னர், இரவில் அவன் எப்படி உறங்குகிறான் என்று அவன் தாயைக் கேளுங்கள்.