மலைமேல் ஒரு நாள் வகுப்பு: மதுரைக் குகைத்தளங்களும் தமிழெழுத்தும்



பள்ளி விடுமுறைக் காலத்தில் நம் குடும்பங்கள் பல தமிழகம் சென்று வருகின்றன. மதுரைக்குச் செல்வோர் மீனாட்சியம்மன் கோயிலையும் நாயக்கர் மகாலையும் காண்கின்றனர். அழகர்கோயிலுக்கும் திருப்பரங்குன்றத்திற்கும் சென்று திரும்புகின்றனர். அத்தகையோரிடம் இன்று நான் ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன். மதுரையில் இன்னும் ஒரு நாள் தங்குங்கள். ஒரு வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, வழி அறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மேலூர் வட்டாரத்து மலைகளுக்குச் செல்லுங்கள். தமிழ் மொழி எழுத்துரு பெற்ற தொடக்கக் காலத்துச் சான்றுகள், பொறிக்கப்பட்ட இடத்திலேயே இன்றும் நிற்பதை அங்கே காணலாம். ஆனால் பார்வையாளராகச் சென்றால் அங்கே காண்பதற்கு அதிகம் இல்லை. படிப்பவராகச் செல்ல வேண்டும். இவ்வுரையின் சாரம் இதுவே.

மதுரையைச் சுற்றியுள்ள மாங்குளம், அரிட்டாபட்டி, அழகர்மலை, கீழவளவு, யானைமலை, திருப்பரங்குன்றம் ஆகிய குன்றுகளில் இயற்கையாய் அமைந்த குகைத்தளங்கள் உள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அவை துறவியர்க்கு உறைவிடங்களாய் விளங்கின; அத்துறவியர் பெரும்பாலும் சமணர் என்பது ஆய்வாளர் கருத்து. அஜந்தாவைப் போலவோ எல்லோராவைப் போலவோ குடைந்து செதுக்கிய மண்டபங்களை இங்கே எதிர்பார்த்தல் கூடாது. நீங்கள் காணப்போவன மூன்று மட்டுமே. முதலாவது, தலைமாடு சற்றே உயர்ந்திருக்குமாறு பாறையில் வெட்டிய கற்படுக்கைகள். இரண்டாவது, மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் வெட்டிய காடி. மூன்றாவது, அக்காடியை ஒட்டிப் பொறித்த ஓரிரு வரி எழுத்து. அந்த ஓரிரு வரிக்காகவே இப்பயணம்.

வெயில் ஏறுமுன் மாங்குளத்தில் தொடங்குவது நன்று. இங்குள்ள ஆறு கல்வெட்டுகளை ஐராவதம் மகாதேவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கணித்துள்ளார். இவற்றில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய வேந்தனின் பெயர் காணப்படுகிறது. அவ்வேந்தனின் பணியாளனாகிய கடலன் வழுதி என்பான், கணி நந்தன் என்னும் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தியை ஒரு கல்வெட்டு கூறுகிறது. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினர் அளித்த கொடையை மற்றொன்று கூறுகிறது. காவிதி என்னும் பட்டமும் இங்கே வருகிறது. சங்க நூல்களில் நாம் படித்த பெயர்களும் பட்டங்களும், அந்நூல்களின் ஏட்டுப் படிகளுக்கு வெளியே, கல்லில் நமக்கு எதிர்ப்படுகின்றன.

இவ்வெழுத்துகள் எவரும் அறியாத மறைவிடத்தில் இருந்தவை அல்ல. 1882ஆம் ஆண்டிலேயே இராபர்ட் சிவெல் மாங்குளத்துக் கல்வெட்டுகளைக் குறித்துவைத்தார். எனினும் அவற்றின் மொழி எது என்பது பின்னும் பல ஆண்டுகள் தெளிவாகவில்லை. எழுத்து பிராமி வகையைச் சார்ந்ததாக இருந்தமையால், மொழியும் பிராகிருதமாகவோ பாலியாகவோ இருத்தல் வேண்டும் என்று அறிஞர் பலர் கருதினர். 1924ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற அனைத்திந்தியக் கீழைக்கலை மாநாட்டில், கே.வி. சுப்பிரமணிய ஐயர் இவை தமிழே என எடுத்துரைத்தார். அவர் அம்முடிவுக்கு வரத் துணைநின்றவை ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகள். வடபுலத்துப் பிராமியின் வழக்கத்திற்கு அடங்காத அவ்வடிவங்களைத் தமிழ் ஒலிகளாகக் கொண்டபோது சொற்கள் பொருள் தந்தன. நம் மாணவர்கள் ஒலிக்கத் தடுமாறும் எழுத்துகள் எவையோ, அவையே இக்கல்வெட்டுகள் தமிழ் என்பதற்குச் சான்று கூறின. லகர ளகர ழகர வேறுபாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இன்னொரு சிக்கலும் இருந்தது. பிராமி எழுத்தில் ஒரு மெய்யெழுத்தை எழுதினால், அதனுள் அகரம் அடங்கியிருப்பதாகக் கொள்வது வழக்கம். தமிழிலோ சொற்கள் மெய்யில் முடிவது மிகுதி. ஆகவே தொடக்கக் காலத்துத் தமிழர் ஒரு மாற்றுமுறையைக் கையாண்டனர். குறியில்லாத எழுத்தை வெறும் மெய்யாகக் கொண்டு, அகரம் சேர்ந்தால் ஒரு கோட்டைச் சேர்த்தனர். வடபுலத்தில் அக்கோடு ஆகாரத்தைக் குறித்தது. அதனால் 'மகன்' என்னும் சொல், அசோகர் கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு 'மாகான' என்று தோன்றியது. இம்முறையை விளக்கி, இக்கல்வெட்டுகளைப் படிக்கும் வழியை ஒழுங்குபடுத்தியவர்களுள் மகாதேவன் தலையாயவர். 1960களில் தொடங்கிய அவருடைய ஆய்வு, 2003இல் பெருநூலாக முழுமை பெற்றது. பின்னாளில் இச்சிக்கலை முற்றிலும் தீர்த்தது புள்ளி. மெய்யின் இயல்பு புள்ளியொடு நிற்றல் எனத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. மாணவர்களே, சொல்வதெழுதுதலில் நீங்கள் விட்டுவிடும் ஒரு புள்ளிக்காக ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கும்போது, அப்புள்ளி இல்லாமல் நம் முன்னோர் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள்.

மாங்குளத்தை விட்டு இறங்குமுன் ஒரு சொல்லைக் கவனித்தல் வேண்டும். வெள்ளறை வணிகரைக் கல்வெட்டு 'நிகமத்தோர்' என்று பொருள்படும்படி குறிக்கிறது. நிகமம் என்பது பிராகிருதச் சொல். வணிகக் குழு என்பது அதன் பொருள். ஆனால் அதனோடு சேர்ந்த அத்துச் சாரியையும் ஓர் விகுதியும் தமிழ். தம்மம், உபாசகன் முதலிய சொற்களும் இக்கல்வெட்டுகளில் இவ்வாறே வந்து அமர்கின்றன. வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு இடங்கொடுத்து, இலக்கணத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்ட மொழியை அங்கே காண்கிறோம். பன்மொழிச் சூழலில் தமிழ் கற்பிக்கும் நமக்கு இது நினைவிற் கொள்ளத்தக்க பாடம்.

அடுத்து அரிட்டாபட்டி. ஒரே ஊரில் மூன்று காலங்களை இங்கே காணலாம். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ள குகைத்தளம் ஒன்று. பாறையைக் குடைந்து எடுத்த முற்காலப் பாண்டியர் சிவன் கோயில் மற்றொன்று. அதன் வாயிலருகே இலகுலீசர் சிற்பம் உள்ளது. சமணத் தீர்த்தங்கரரின் புடைப்புச் சிற்பமும் அதன்கீழ் வட்டெழுத்தும் மூன்றாவது. இங்குள்ள பிராமிக் கல்வெட்டு, குகையைக் குறிக்க 'முழாகை' என்னும் சொல்லை ஆள்கிறது. முழை, முழைஞ்சு என்னும் சொற்களை நாம் அகராதியில் கண்டிருப்போம். அச்சொற்களின் உறவினர் ஒருவரைப் பாறையின் நெற்றியிலேயே சந்திப்பது தனி மகிழ்ச்சி. பிற இடங்களில் பயிலும் சொல் 'பளி'. பள்ளி என்பதே அது. துறவியர் உறைவிடத்தைக் குறித்த அச்சொல்லையே இன்று நாம் கல்விக்கூடத்திற்கு வழங்குகிறோம்.

அழகர்மலையின் கிடாரிப்பட்டிக் குகைத்தளம் ஒரு கடைத்தெருவையே கண்முன் நிறுத்துகிறது. மதுரைப் பொற்கொல்லன் ஒருவன் பெயர் அங்கே உண்டு. உப்பு வணிகன், பாணிதம் எனப்படும் வெல்லப்பாகு விற்பவன், உழுகொழு விற்பவன், துணி விற்கும் அறுவை வணிகன் ஆகியோர் பெயர்களும் உள்ளன. இவர்கள் வேந்தரும் அல்லர், புலவரும் அல்லர். உப்பும் இரும்பும் விற்றவர்கள். எழுத்து அக்காலத்திலேயே அரண்மனைக்கு வெளியே வந்துவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

அப்பொற்கொல்லனின் தொழிலுக்கும் நாம் வாழும் இந்நிலப்பகுதிக்கும் ஓர் உறவு உண்டு. தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாநிலத்தின் குலோங் தோம் என்னும் ஊரில், பொன்னின் மாற்றறியும் சிறு உரைகல் ஒன்று கிடைத்தது. அதில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அது கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என்பது அறிஞர் கணிப்பு. கடல் கடந்து வந்த தமிழ்ப் பொற்கொல்லன் ஒருவன் தன் கருவியில் தன் பெயரை எழுதி வைத்திருந்தான். தென்கிழக்காசியாவில் தமிழெழுத்தின் வரலாறு ஓர் உழைப்பாளியின் கைப்பொருளில் தெரிகிறது என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

மாலையில் கீழவளவு. இங்குள்ள கல்வெட்டில் எழுத்துகள் இயல்பான முறையில் அமையாமல் இடவலமாகவும் தலைகீழாகவும் பொறிக்கப்பட்டுள்ளன. தொண்டியைச் சேர்ந்த ஒருவர் அமைத்துக் கொடுத்த பள்ளி என்பது அதன் பொருள். ஊரார் இக்குன்றைப் பஞ்சபாண்டவர் மலை என்பர்; கற்படுக்கைகளைப் பாண்டவர் படுக்கை என்பர். வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்வதும் இக்கதையையே. அதனை எள்ளி நகையாடுதல் தகாது. எழுத்தைப் படிக்க இயலாத காலத்திலும் அவ்விடத்தை மதித்துக் காத்துவர அக்கதை உதவியது. ஆனால் படிக்க இயலும் காலத்திலும் கதையோடு நின்றுவிடுதல் முறையன்று.

கீழவளவைச் சுற்றிப் பார்க்கும்போது, வரிவரியாய் அறுத்தெடுக்கப்பட்ட குன்றுகளும் நீர் தேங்கிய ஆழ்குழிகளும் கண்ணில் படும். அவை கிரானைட் சுரங்கங்கள். மதுரை மாவட்டக் கிரானைட் முறைகேடுகளை விசாரிக்க, 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் உ. சகாயம் அவர்களை நியமித்தது. காலையில் நாம் பார்த்த அரிட்டாபட்டிக்கும் வேறு வடிவில் இடர் வந்தது. 2022 நவம்பரில் அது தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2024இல் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவாகியது. ஊர் மக்கள் திரண்டு எழுந்தனர். 2024 டிசம்பரில் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தைக் கைவிட்டது. தம் மலையில் இருப்பது வெறுங்கல் அன்று என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். அவ்வறிவு இல்லாத இடத்தில் மலை என்பது கன மீட்டர் கணக்கில் விலை பேசப்படும் சரக்காகிவிடும்.

இதனை உணர நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில், ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமுள்ள பெரும்பாறை ஒன்றில் பல வரிகளில் எழுத்துகள் இருந்தன. 1843இல் அப்பாறையை வெடி வைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. அதன் எழுத்து இன்றளவும் படிக்கப்படவில்லை. மாங்குளத்துக் கல் படிப்பவருக்காக ஈராயிரம் ஆண்டுகள் காத்திருந்தது, படிப்பவர் வந்தார். சிங்கப்பூர்க் கல்லைப் படிப்பவர் நாளை வந்தாலும், படிப்பதற்கு அந்தக் கல் முழுமையாக இல்லை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, இப்பயணத்தை ஒரு வகுப்பாகத் திட்டமிடுங்கள். புறப்படுமுன் தமிழ்ப் பிராமி எழுத்து அட்டவணையை மாணவரிடம் கொடுத்து, ஒவ்வொருவரும் தம் பெயரை அதில் எழுதிப் பழகச் செய்யுங்கள். பெயரில் ழகரமோ னகரமோ உள்ள மாணவர், அவ்வெழுத்து எவ்வாறு உருவாயிற்று என்று கேட்பர். ஒரு நாளில் நான்கு மலைகளையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட, இரண்டு மலைகளில் நின்று நிதானமாய்ப் படிப்பது மேல். வழிகாட்டியை அமர்த்தும்போதே, கல்வெட்டின் இடத்தைக் காட்டத் தெரிந்தவரா என்று கேட்டறியுங்கள். குடிநீரும் தொப்பியும் பாறையில் வழுக்காத காலணியும் தேவை. எழுத்து தெளிவாய்த் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டி தேய்த்தல், எண்ணெயோ நீரோ ஊற்றுதல் ஆகியவற்றை ஒருபோதும் செய்தல் ஆகாது. காலை அல்லது மாலையின் சாய்ந்த வெயிலே எழுத்தைக் காட்டும். அம்மலைகள் ஊராருக்கு வழிபாட்டிடங்களும் ஆகும்; அவர்கள் அனுமதியோடும் அவர்கள் வழக்கத்தை மதித்தும் ஏறுங்கள்.

மாணவச் செல்வங்களே, அக்குகைகளில் இன்னொரு வகை எழுத்தையும் காண்பீர்கள். அண்மைக்காலப் பயணிகள் வண்ணம் பூசியும் கீறியும் விட்டுச்சென்ற பெயர்கள் அவை. உப்பு வணிகனும் தன் பெயரைத்தானே பொறித்தான் என்று வாதிடத் தோன்றலாம். அவன் பிறருக்கு ஓர் உறைவிடம் அமைத்துக் கொடுத்துவிட்டு, அதன்பின் பெயரை எழுதினான். கொடுத்தவனுக்கே அங்கே பெயரெழுதும் உரிமை இருந்தது. நாம் அங்கே கொடுக்கக்கூடியது ஒன்றே: அவன் எழுதியதைப் பிழையின்றி வாய்விட்டுப் படிப்பது. அதனைச் செய்துவிட்டு, கல்லில் எதையும் விட்டுவராமல் இறங்கி வாருங்கள்.