ஆங்கிலம் போதிக்கப் போகிறவருக்குத் தமிழ்ப்பிள்ளையைத் தெரிய வேண்டும்

(தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆங்கிலம் வேண்டாமென்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஓவர்டைம் செய்து டியூஷன் காசு கட்டுகிற உங்களிடம் அப்படிச் சொல்லவும் முடியாது. நம் கேள்வி வேறு. நாளை ஆங்கிலம் போதிக்கப் போகிற ஆசிரியரை எப்படித் தயார் செய்கிறார்கள்?

2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்றார்கள். தமிழ்ப்பள்ளிகளும் தப்பவில்லை. காலமெல்லாம் தமிழில் பாடம் நடத்தியவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி, ஒரு மடிக்கணினி, கொஞ்சம் அலவன்ஸ். 2009 ஜூலையில், 2012 முதல் கட்டங்கட்டமாகக் கைவிடுவதாக அறிவித்தார்கள். இடையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

இப்போது வகுப்பறைக்குள் போவோம். 'ஃபேன்' என்பதை நம் பிள்ளை 'பேன்' என்கிறது. வகுப்பே சிரிக்கிறது (நமக்கு அது தலையில் ஊர்வதாயிற்றே!). 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகிறது. இது மக்குத்தனம் இல்லை. தமிழ்ச் சொல் இரண்டு மெய்யெழுத்தோடு தொடங்காது. பிள்ளையின் நாக்கு தமிழிலக்கணப்படி நடக்கிறது. இதை அறிந்த ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் திருத்துவார். அறியாதவர் அதட்டுவார். அதட்டு வாங்கிய பிள்ளை அப்புறம் வாயே திறக்காது.

இன்னொன்று. 'நான் சோறு சாப்பிட்டேன்' என்பதில் வினை கடைசியில் வருகிறது. மலாயில் 'சாயா மாக்கான் நாசி', வினை நடுவில். ஆங்கிலமும் அதே வரிசைதான். நம் பிள்ளை மலாய் வழியாக ஆங்கிலத்துக்கு நடந்து போகலாம். இந்தப் பாலத்தை எத்தனை ஆசிரியர்கள் பயன்படுத்துகிறார்கள்?

உலகமொழி என்றால் லண்டன்காரர் மாதிரி பேசுவதல்ல. இன்று ஆங்கிலம் பேசுவோரில் பெரும்பாலோருக்கு அது தாய்மொழியே இல்லை. நாளை நம் பிள்ளை பிலிப்பைன்ஸ் தாதியோடும் ஜப்பானிய மேனேஜரோடும் பேசும். இருவருக்கும் புரிந்தால் போதும்.

ஆகவே நாம் கேட்பது: பயிற்சிக் கழகங்களில் ஆங்கிலத்துறைப் பயிற்சி ஆசிரியர்கள் தமிழின் ஒலியையும் வாக்கிய அமைப்பையும் கொஞ்சமாவது படிக்க வேண்டும். பயிற்றுப்பணியில் சில வாரங்களாவது தமிழ்ப்பள்ளியில் நிற்க வேண்டும். எஸ்.பி.எம். முடித்த நம் பிள்ளைகளும் அந்தத் துறைக்கு விண்ணப்பம் போட வேண்டும்; தமிழ்த்துறை மட்டும்தான் நமக்கு என்று நாமே வேலி போட்டுக்கொள்ளக் கூடாது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: இங்கே ஆங்கிலம் போதிப்பவர் அதற்கெனப் பயிற்சி பெற்றவரா, வேறு பாடத்திலிருந்து நிரப்பப்பட்டவரா? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.