முடியும் முகமும்



பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் உங்கள்முன் ஒரு வினாவை வைக்க விழைகிறேன். பிறர் பணித்துப் பிறந்த புகழ்ப் படைப்பில் உண்மைக்கு இடம் உண்டா? பாடாண் திணை பயின்ற நமக்கு இவ்வினா புதியதன்று. இதற்கு விடை தேடி, ஐரோப்பிய அரச குடும்பத்தாரின் ஒளிப்படங்கள் சிலவற்றை நோக்குவோம்.

ஐரோப்பிய உயர்குடியின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். ஆஸ்திரியா 1919இல் சட்டம் இயற்றிப் பிரபுப் பட்டங்களை ஒழித்தது. அதே ஆண்டு ஜெர்மனியின் வைமர் அரசியலமைப்பு அவற்றைப் பெயரின் பகுதியாக மட்டுமே விட்டுவைத்தது. பிரிட்டன் 1999இல் பிரபுக்கள் அவையின் பரம்பரை உறுப்பினருள் 92 பேரை மட்டும் நிறுத்திக்கொண்டு ஏனையோரை விலக்கியது. முடி தரித்தோருக்கும் ஆட்சி சடங்களவாகச் சுருங்கியது. அதிகாரம் தேயத் தேய எஞ்சி நின்றது தோற்றமே. அத்தோற்றத்தைக் காக்கும் பணி ஒளிப்படக் கலைஞரிடம் வந்து சேர்ந்தது.

1953 ஜூன் 2ஆம் நாள் முடிசூடிய இரண்டாம் எலிசபெத் அரசியைச் செசில் பீட்டன் படம் எடுத்தார். முடி, செங்கோல், உருண்டை யாவும் அதில் உண்டு. பின்னே தெரியும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயமோ வெறும் திரைச்சீலை ஓவியம்! படம் எடுக்கப்பட்டது பக்கிங்ஹாம் அரண்மனையில். அங்கே அரசி இருக்கிறார்; எலிசபெத் என்னும் பெண்ணைத் தேட வேண்டியிருக்கிறது.

அரை நூற்றாண்டு கடந்தது. ஆங்கில முடியோடு ஜெர்சி தீவுக்குள்ள 800 ஆண்டு உறவை நினைவுகூர, 2004இல் கிறிஸ் லெவின் அரசியின் முப்பரிமாண உருவை ஆக்கினார். ஒவ்வொரு பதிவுக்கும் எட்டு நொடி அசையாதிருக்க வேண்டும். இடையிடையே இளைப்பாறுமாறு அவர் வேண்ட, அரசி கண்களை மூடினார். அக்கணமும் படமாயிற்று. தலையில் முடி இருக்கிறது. ஆயினும் நம் நெஞ்சைத் தொடுவது மூடிய இமைகளே. உலகமெல்லாம் பார்த்த ஒருவர், நம்மைப் பாராதிருக்கும் ஒரு கணம் அது.

2011இல் தாமஸ் ஸ்ட்ரூத், லண்டன் தேசிய உருவப்பட அரங்கிற்காக அரசியையும் கணவர் பிலிப்பையும் விண்ட்சர் கோட்டையில் படம் எடுத்தார். முடியில்லை, செங்கோலில்லை. ஒரே சாய்விருக்கையில் இருவர். இடையில் சிறிது வெளி. அறையின் பொன்வேலைப்பாடு அவர்களினும் பெரிதாய்த் தோன்றுகிறது. நெடுங்கால இல்லறத்தை அந்த வெளி பேசுகிறது.

ஸ்பெயின் நாட்டு வங்கியின் பணிப்பில் அன்னி லீபோவிட்ஸ் எடுத்த அரசர் ஆறாம் பெலிப்பே, அரசி லெட்டீசியா படங்கள் 2024இல் வெளியாயின. சீருடையில் அவர், கரிய உடையில் இவர். ஓரிடத்தில் நின்றும் இருவேறு சட்டங்களுள் நிற்கின்றனர். இங்கே பகட்டு மீண்டிருக்கிறது. ஆனால் தனிமை மறையவில்லை.

இவை யாவும் பணிக்கப்பட்ட படங்கள். எனினும் சிலவற்றில் உண்மை புகுந்துவிட்டது. எவ்வாறு? லெவின் அரசியை இகழவில்லை, முடியைக் கழற்றச் சொல்லவுமில்லை. இளைப்பாற இடம் தந்தார், காத்திருந்தார்.

கவிஞர்களே, மணிவிழாவுக்கும் பாராட்டு விழாவுக்கும் நாமும் வாழ்த்துப்பா யாக்கிறோம். அடைமொழிகளை அடுக்கினால் பீட்டனின் திரைச்சீலைதான் எஞ்சும். பாடப்படுவோர் களைத்துக் கண்மூடும் கணத்தையும் ஓர் அடியில் வைப்போம். அந்த ஓரடி பாட்டை வாழவைக்கும்.