தகுதி எனும் துலாக்கோல்

(கட்சிக் கல்வி வட்டமொன்றில் ஆற்றிய உரை)



மேலாண்மைக் கல்வியில் சேரப் பட்டப்படிப்பு மதிப்பெண் எவ்வளவு முக்கியம் என்று சென்ற கூட்டத்தில் இளந்தோழர் ஒருவர் வினவினார். இரவுப் பணி செய்துகொண்டே வணிகவியல் பட்டம் பெற்றவர் அவர். பெற்ற மதிப்பெண் 52 விழுக்காடு.

முதலில் விதியைக் காண்போம். இந்திய மேலாண்மைக் கழகங்களுக்கான ‘கேட்’ தேர்வை எழுதப் பட்டப்படிப்பில் 50 விழுக்காடு வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 45 விழுக்காடு போதும். ஆக, வெளிவாயில் அவருக்குத் திறந்தே இருக்கிறது. உள்வாயில்தான் குறுகலானது. 1961இல் தொடங்கிய அகமதாபாத் கழகமும் 1973இல் தொடங்கிய பெங்களூருக் கழகமும் 10, 12ஆம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகிய மூன்றின் மதிப்பெண்களையும் தெரிவின்போது கணக்கிலெடுக்கின்றன. பதினைந்து வயதில் வீட்டில் இருந்த வறுமை, இருபத்தைந்து வயதிலும் ஒருவரைத் தொடர்கிறது.

பணி அனுபவத்திற்கும் மதிப்புண்டு. ஆனால் பட்டம் பெற்ற பின் செய்த முழுநேரப் பணிக்கு மட்டுமே. படிக்கும்போது கண்விழித்துச் செய்த பணி மதிப்பெண்ணைக் குறைக்கும், அனுபவமாகவோ எண்ணப்படாது. உழைப்பவர் இருமுறை இழக்கிறார்.

அப்படியாயின் நுழைவுத் தேர்வு மட்டும் போதுமே என்பார் சிலர். நாம் அவசரப்படலாகாது. அத்தேர்வு இரண்டு மணி நேரம்; ஆங்கிலத்தில் மட்டுமே நடப்பது; அதற்கான பயிற்சி சந்தையில் விலைக்குக் கிடைப்பது. மூன்றாண்டு உழைப்பைப் புறந்தள்ளினால் பயிற்சிக்குப் பணம் கட்ட வல்லவரே முந்துவர். மதிப்பெண் இருக்கட்டும், அது எந்நிலையில் ஈட்டப்பட்டது என்ற கேள்வியும் உடனிருக்க வேண்டும்.

நான் கட்சி ஆவணங்களை மொழிபெயர்ப்பவன். ‘மெரிட்’ என்பதைத் ‘தகுதி’ என எழுதும்போதெல்லாம் என் பேனா தயங்கும். திருக்குறளின் ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தில் தகுதி என்பது நடுவுநிலைமையையே குறிக்கிறது. அளக்கப்படுபவரிடம் மட்டுமன்றி, அளக்கும் கோலிடமும் தகுதியைத் தேடச் சொல்கிறது நம் மொழி.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. தேர்வு இந்திய மொழிகளில் நடத்தப்பட வேண்டும். படிக்கும் காலத்து உழைப்பும் கணக்கில் சேர வேண்டும். அகமதாபாத்தில் ஈராண்டுப் படிப்புக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்ட கட்டணம் குறைக்கப்பட வேண்டும்.

அந்த இளந்தோழருக்கு என் விடை இது: விண்ணப்பம் செய்யுங்கள். 52 என்ற எண்ணுக்காக நாணவேண்டியவர் நீங்கள் அல்லர்.