வாழ்த்துப் பலகையும் விலைப் பலகையும்: ஜொகூர்ச் சிறுபட்டணங்களின் பண்டிகை வணிகத் தமிழ்



மொழி மன்றங்களின் சொற்பொழிவுகளில் காப்பியமும் பக்தி இலக்கியமும் இலக்கணமும் பேசப்படுவது மரபு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கடைத்தெரு. குறிப்பாக, பண்டிகைக் காலத்தில் நம் ஜொகூர்ச் சிறுபட்டணங்களின் கடைகளில் எழுதப்படும் தமிழ். ஒரு மொழியின் உடல்நலத்தை அறிய மேடையைக் காட்டிலும் கடையே தக்க இடம் என்பது என் கருத்து. அதை இரண்டு வாசகங்களைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

இரண்டு வாசகங்கள்

முதல் வாசகம் நீங்கள் அனைவரும் அறிந்தது: 'இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்'. ஜொகூர் பாருவின் ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மன் தேவஸ்தானத்தைச் சுற்றியுள்ள கடைகளாகட்டும், குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் போன்ற ஊர்களின் மளிகைக் கடைகளாகட்டும், தீபாவளி நெருங்கும்போது இவ்வாசகம் எங்கும் தொங்கும். பேரங்காடிகளும் வங்கிகளும்கூட இதனைத் தமிழெழுத்தில் அச்சிடுகின்றன. அது நமக்கு மகிழ்ச்சியே.

இரண்டாவது வாசகம் எளியது: 'தீபாவளியை முன்னிட்டு எங்கள் கடை திங்கள் முதல் புதன் வரை அடைக்கப்பட்டிருக்கும், வியாழன் காலை 8 மணிக்குத் திறக்கப்படும்.' இதனை இப்போது தமிழில் காண்பது அரிது. கடை அடைப்பு அறிவிப்பு பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகிறது. கடைக்காரர் தமிழர், வாங்குவோரில் பலர் தமிழர், பண்டிகையும் நம்முடையது. ஆயினும் அறிவிப்பு மட்டும் வேறு மொழியில் இருக்கிறது.

இவ்விரண்டையும் இலக்கணக் கண்கொண்டு பாருங்கள். முதல் வாசகத்தில் ஒரு குறிப்புப் பெயரெச்சமும் சில பெயர்ச்சொற்களும் உண்டு, வினைமுற்று இல்லை. காலம் இல்லை, செய்பவர் இல்லை, செயலும் இல்லை. தமிழ் அறியாத ஒருவர்கூட அதனை ஓர் ஓவியம்போலப் படியெடுத்து ஒட்டிவிடலாம். இரண்டாவது வாசகத்திலோ காரணம் சுட்டும் வினையெச்சம் உண்டு, 'முதல்', 'வரை' என்னும் எல்லைச் சொற்கள் உண்டு, செயப்பாட்டு வினை உண்டு, எதிர்காலம் உண்டு. தமிழைக் கையாளத் தெரிந்தவர்தாம் அதனை எழுத முடியும். படிப்பவரும் அதற்கேற்ப நடந்துகொள்வார்: புதன்கிழமை வரமாட்டார், வியாழக்கிழமை வருவார்.

ஆண்டுதோறும் தீபாவளி வந்தவுடன் 'வாழ்த்துகள்' என்பதா, 'வாழ்த்துக்கள்' என்பதா என்று நம் ஆசிரியர்கள் வாதிடுவதைக் கேட்கிறேன். நல்ல வாதந்தான். ஆனால் அதே கடையில் முறுக்கின் விலை ஏன் தமிழில் இல்லை என்று எவரும் கேட்பதில்லை. ஒற்று மிகுமா மிகாதா என்பதைவிட வினைமுற்று எங்கே போயிற்று என்பதே பெரிய கேள்வி.

அடையாளமும் தகவலும்

பொது இடங்களில் எழுதப்படும் மொழியை ஆராயும் துறை ஒன்று மொழியியலில் வளர்ந்துள்ளது. அதற்கு அடித்தளமிட்ட கட்டுரைகளுள் முதன்மையானதை 1997ஆம் ஆண்டில் ரொட்ரீக் லான்ட்ரி, ரிச்சர்ட் பூர்ஹிஸ் என்னும் இரு கனடிய அறிஞர்கள் எழுதினர். கனடாவில் பிரெஞ்சு பேசும் மாணவர்களிடம் திரட்டிய தரவுகளை ஆராய்ந்த அவர்கள், பலகை மொழிக்கு இரு பணிகள் உண்டு என்றனர். ஒன்று தகவல் பணி: இம்மொழியைக் கொண்டு இங்கே காரியம் நடத்தலாம் என்று அறிவிப்பது. மற்றொன்று அடையாளப் பணி: இம்மொழியினர்க்கு இங்கே மதிப்புண்டு என்று காட்டுவது.

நம் பண்டிகைக் கடைகளில் தமிழ் அடையாளப் பணியை நன்றாகச் செய்கிறது. தகவல் பணியிலிருந்து மெல்ல விலகுகிறது. இது நமக்கு மட்டும் நேர்ந்த நிலையன்று. கனடா நாடாளுமன்றம் 2016ஆம் ஆண்டில் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அங்குள்ள தமிழர்க்கு அது பெரும் பெருமை. ஆயினும் மரபுத் திங்கள் முடிந்து பிப்ரவரி பிறந்த பிறகு தமிழில் என்னென்ன காரியம் நடக்கிறது என்ற கேள்வி அங்கும் எழும், இங்கும் எழும்.

வணிகர் தந்த தமிழ்

வணிகத் தமிழ் தாழ்ந்த தமிழ் என்று கருதுவோர் உளர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. தென் தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் ஒரு சிறு உரைகல் கிடைத்தது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்தமைதியைக் கொண்டு அதனைக் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என்பர். தென்கிழக்காசியாவில் கிடைத்த மிகப் பழைய தமிழ் எழுத்துச் சான்றுகளுள் ஒன்றான அது, பொன் தொழில் செய்த ஒருவரின் கருவி. சுமத்திராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் கண்ட கல்வெட்டு 1088ஆம் ஆண்டினது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அதனைப் பொறித்தனர். கப்பலில் வருவோர் கஸ்தூரி விலையைக் கணக்காகக் கொண்டு எவ்வளவு பொன் செலுத்த வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. இன்றைய வழக்கில் சொன்னால், அது ஒரு கட்டண அறிவிப்பு.

மலாய் மொழிக்குள் சென்ற நம் சொற்களையும் எண்ணிப் பாருங்கள். 'கடை' அங்கே 'கெடாய்' ஆயிற்று. 'முதல்' அங்கே 'மோடால்' ஆயிற்று. 'பெட்டி' 'பெத்தி' ஆயிற்று. 'கப்பல்' 'காப்பால்' ஆயிற்று. நம் மாநிலத்துப் பாசிர் கூடாங் என்ற ஊர்ப்பெயரில் ஒலிக்கும் 'கூடாங்' என்ற சொல்லைத் தமிழ்க் 'கிடங்கு', தெலுங்குக் 'கிட்டங்கி' ஆகியவற்றோடு அறிஞர் தொடர்புபடுத்துவர். இச்சொற்களைக் கடல் கடத்தியவர்கள் புலவர்கள் அல்லர். நிறுத்துக் கொடுத்தவர்கள், கணக்கெழுதியவர்கள், கடன் கொடுத்தவர்கள். செட்டியார்களின் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன், பற்று, வரவு, நிலுவை, பேரேடு என்னும் சொற்களைத் தொழிலோடு சேர்த்தே கற்றான்.

நாம் ரிங்கிட்டை 'வெள்ளி' என்பதும் இவ்வகையில் எண்ணத்தக்கது. இந்நாட்டு நாணயத்திற்கு 'ரிங்கிட்' என்னும் பெயர் 1975ஆம் ஆண்டில் அதிகாரமுறையில் வந்தது. அதற்கு முன் வழங்கிய வெள்ளி நாணயங்களின் நினைவு நம் பேச்சில் இன்றும் தங்கியிருக்கிறது. 'பத்து வெள்ளி' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நாம் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைப் பேசுகிறோம்.

பண்டிகை காத்த அளவைச் சொற்கள்

இனி, பண்டிகைக் கடையில் இன்னும் உயிரோடிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். பூவை முழம் என்றும் சரம் என்றும் கேட்கிறோம். வெற்றிலையைக் கவுளி என்கிறோம். வாழைப்பழத்தைச் சீப்பு என்றும் தார் என்றும், மாவிலையைக் கொத்து என்றும், பொங்கல் கரும்பைக் கட்டு என்றும், பொன்னைப் பவுன் என்றும் சொல்கிறோம். ஒவ்வொரு பொருளுக்கும் உரிய அளவைச் சொல்லைத் தமிழ் தனித்தனியே வைத்திருக்கிறது. 'ஒரு முழம் மல்லிகை' என்ற தொடரில் முழங்கையும் இருக்கிறது, பூக்காரியின் கையும் இருக்கிறது.

இச்சொற்களைப் பாடநூல் காக்கவில்லை, பண்டிகை காத்தது. தைப்பூசத்திற்கும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பூ வாங்கியாக வேண்டும் என்பதால் 'முழம்' வாழ்ந்தது. வாங்குவோர் விரலைக் காட்டிவிட்டுப் பொருளைப் பெற்றுச் செல்லும் நாளில் அச்சொல்லுக்கு வேலை இருக்காது. வேலையிழந்த சொல் அகராதியில் தங்கும், வாயில் தங்காது.

தோட்டக் காலத்தில் நிலை வேறு. கித்தாத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் சம்பள நாளன்று கடைக்குச் சென்றனர். தீபாவளிச் சாமானைப் பற்றெழுதி வாங்கினர். கேட்பது, பேரம் பேசுவது, கணக்குப் பார்ப்பது, தவணை சொல்வது யாவும் தமிழில் நிகழ்ந்தன. பிறகு தோட்டங்களை விட்டு மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் ஆகிய இடங்களின் தாமான்களுக்கு மக்கள் பெயர்ந்தனர். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் உடன் வந்தன. கடைத்தமிழ் முழுமையாக வந்துசேரவில்லை.

தகவல் தேவைப்பட்ட வேளைகள்

தகவல் தமிழ் இல்லாமையால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். அண்மைக் கால நிகழ்வுகள் இரண்டைச் சொல்கிறேன். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஜொகூர் பாலத்தின் போக்குவரத்தும் நின்றது. தரைவழி எல்லை 2022 ஏப்ரல் 1ஆம் நாள்தான் பரவலாகத் திறந்தது. இடையே இரண்டு தீபாவளிகள் கடந்தன. சிங்கப்பூரில் வேலை செய்த பிள்ளைகள் பலர் வீடு திரும்ப இயலவில்லை. கடை எப்போது திறக்கும், எத்தனை பேர் உள்ளே செல்லலாம், எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பவை அன்று உயிர் காக்கும் செய்திகள். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவர், கடை வாசலில் நின்று, எழுதியிருப்பதை இன்னொருவரிடம் கேட்டறிய வேண்டியிருந்தது.

மற்றொன்று விடுமுறை நாள் மாற்றம். 2014 முதல் ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 சனவரி 1 முதல் மீண்டும் சனியும் ஞாயிறுமாயின. கடை நேரம், கோயில் விழா, குடும்பக் கூடல் அனைத்தையும் தொட்ட மாற்றம் அது. அதனைத் தமிழில் ஒரு வரியில் அறிவித்த கடைகள் உங்கள் ஊரில் எத்தனை? மாணவர்களே, இதனை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் இக்குறையை நாளிதழ்கள் ஓரளவு நிறைவு செய்தன. 1924ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் நேசனும், 1935ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் மலாயாத் தமிழரின் ஊர்ச் செய்திகளைத் தாங்கி வந்தன. புதுக்கடைத் திறப்பும் பண்டிகைச் சிறப்பு விற்பனையும் கோயில் விழாவும் வினைமுற்றோடு கூடிய வாக்கியங்களில் எழுதப்பட்டன. தமிழ் நேசன் 2019 பிப்ரவரியில் நின்றது. இன்று ஊர்ச் செய்தி புலனக் குழுக்களுக்குள் சென்றுவிட்டது. அங்கே வீட்டில் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கும் தாய்மார்கள் தம் விளம்பரத்தைப் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் இடுகின்றனர். பேச்சு தமிழாக இருக்கிறது. எழுத்து தமிழாக இல்லை.

மறுப்பும் விடையும்

வணிகர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. 'என் கடைக்கு மலாய்க்காரரும் சீனரும் வருகின்றனர். தமிழில் எழுதினால் வியாபாரம் பெருகுமா?' என்று அவர் கேட்கிறார். உள்ளாட்சி விதிகளின்படி பெயர்ப்பலகையில் தேசிய மொழியே முதன்மை பெறும். அது முறையானது, நம் கோரிக்கை அதற்கு எதிரானதும் அன்று. மலாய் இருக்கும் இடத்தில், அதன் கீழே தமிழும் ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள். ஒரு வரிக்கு ஆகும் செலவு சொற்பம். எழுதத் தயங்குவதற்குச் செலவைவிடப் பிழை வந்துவிடுமோ என்ற அச்சமே காரணம் என்று கருதுகிறேன். அந்த அச்சத்தைப் போக்குவது ஆசிரியர் கையில் இருக்கிறது.

மலாயாவில் தமிழ்க் கல்வி 1816ஆம் ஆண்டில் பினாங்கு இலவசப் பள்ளியில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது. இன்று நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன; ஜொகூரில் மட்டும் ஏறத்தாழ 70. அங்கே ஆறாண்டு பயிலும் பிள்ளை 'நான் ஒரு குடை' என்று தன்கதை எழுதுகிறது. அதே பிள்ளை தன் தந்தையின் கடைக்கு ஓர் அடைப்பு அறிவிப்பை எழுதத் தெரியாமல் வளர்வது நியாயமா?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஆசிரியர்கள், பண்டிகைக்கு முன் ஒரு பாடவேளையை ஒதுக்கி, விலைப்பட்டியல், கடை அடைப்பு அறிவிப்பு, பலகாரத் தருவிப்புப் படிவம், 60 சொற்களில் ஓர் ஊர்ச் செய்தி ஆகியவற்றை எழுதச் செய்யுங்கள். திருத்திய பின் அவற்றை உண்மையான கடைகளுக்கே கொடுங்கள். மாணவர்கள், உங்கள் பாட்டி தாத்தாவிடமும் பூக்கடைக்காரரிடமும் அளவைச் சொற்களைக் கேட்டுப் பட்டியலிடுங்கள். எந்தப் பொருளுக்கு எந்தச் சொல், இன்றும் யார் வழங்குகின்றனர் என்று குறியுங்கள். அது நல்ல ஆய்வேடாகும். வாங்கச் செல்லும் நாம் அனைவரும், தமிழ்க் கடையில் தமிழில் கேட்போம். எண்ணையும் தமிழில் சொல்வோம்.

வாழ்த்துப் பலகையைக் கழற்றச் சொல்லவில்லை. அது அழகாக இருக்கிறது, இருக்கட்டும். அதன் பக்கத்தில் விலைப் பலகையும் தமிழில் தொங்கட்டும். நாம் வாழ்த்தும் நாள்கள் ஆண்டில் சில; வாங்கும் நாள்களோ பல.